கொடைக்கானலில் ஒரு ஜாக்கெட்: 6,800 ரூபாயின் கணக்கு

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறு துணிக்கடையில், 2025 அக்டோபரில் 6,800 ரூபாய்க்கு விற்பனையான ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. வாங்கியவர் அட்டுவம்பட்டிப் பக்கம் பணிபுரியும் ஓர் ஆசிரியை. ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையில் "1970களின் விண்டேஜ் டெனிம், அப்சைக்கிள் செய்தது, ஒரே ஒரு பீஸ்" என்று அச்சிட்டிருந்தது. அப்சைக்கிள் என்றால் பழையதைப் பிரித்துப் புது உடுப்பாக்குவது: பழைய டெனிம் ஜாக்கெட் ஒன்றைப் பிரித்து, முதுகில் கம்பளித் துண்டு வைத்து, உள்ளே பழைய சுங்குடிச் சேலையை லைனிங்காகக் கொடுத்து, முழங்கைகளில் கைத்தறித் துணியால் ஒட்டுப் போட்டு, ஒட்டுகளின்மேல் கையால் நூலோட்டி அலங்கரித்திருந்தார்கள். பார்வைக்கு அழகான பொருள்தான். ஜனவரியில், வலது கைக்குழியில் லைனிங் கிழிந்து, ஒரு முழங்கை ஒட்டு சுருங்கி முறுக்கிக்கொண்ட நிலையில் அது என் கடைக்கு வந்தது.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் தரப் பரிசோதனை வேலை பார்த்துவிட்டு, இப்போது மலையில் ஆல்ட்ரேஷன் கடை நடத்துகிறேன். ஆசிரியை கேட்டது பழுது பார்ப்பதற்கு மட்டுமல்ல. "காசு போனது போகட்டும் மாஸ்டர், இது அந்த விலைக்குத் தகுமா தகாதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எதையும் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன், பிரிக்க ஒப்புக்கொண்டார். இதை எழுதுவதற்கும் அவருடைய அனுமதி உண்டு.

அவர் ஏன் அந்தக் கடைக்குப் போனார்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் ஜாக்கெட் என்பது பண்டிகைக்கு எடுக்கும் துணியல்ல. வகுப்புக்கும் சந்தைக்கும் அடுப்படிக்கும் போட்டுக்கொள்கிற அன்றாட உடுப்பு. அப்படி உழைக்கிற உடுப்பு நல்ல தையலோடு கிடைப்பது இங்கே எளிதல்ல. பேருந்து நிலையத்தைச் சுற்றிய கடைகளில் இருப்பது, சமவெளியிலிருந்து ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கான சரக்கு. இரண்டு நாள் தாங்கினால் போதும் என்ற எண்ணத்தில் தைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவியலாகக் கொட்டி விற்பதில் நல்லது கலந்திருக்கும், ஆனால் தோண்டி எடுக்கப் பொறுமையும் நேரமும் வேண்டும்.

ஆசிரியை அதற்கு முன்பு மதுரையில் ஒரு பெரிய கடையில் 3,499 ரூபாய்க்குப் புது ஜாக்கெட் எடுத்திருந்தார். அதையும் கொண்டுவந்து காட்டினார். இரண்டாவது குளிர்காலத்திலேயே காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸைத் தைப்பதற்குப் பதில், சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவதுதான் இப்போது பொதுவழக்கம். ஒட்டும்போது சூடும் அழுத்தமும் சரியாக அமையாவிட்டால், சில சலவைகளில் பசை அங்கங்கே விட்டுப்போகும். மேல்துணி ஒரு பக்கமும் கேன்வாஸ் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். அதன்பின் எத்தனை முறை அயர்ன் செய்தாலும் படியாது. துணி என்னவோ நன்றாகவே இருந்தது. கெட்டது காலர் மட்டும், ஆனால் காலர் கெட்டால் யாரும் அந்த ஜாக்கெட்டைப் போடுவதில்லை.

விலை குறைந்த நல்ல தையலுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி திருப்பூர்ச் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதி போக மிஞ்சிய சரக்கு. காதர்பேட்டையில் கிடைக்கும் அந்தச் சரக்கைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: மலிவாக விற்கிறார்கள் என்றால் பழுதான பீஸ் என்று நினைக்கிறார்கள். ஏற்றுமதி ஆர்டரில் சேதாரத்துக்கு ஈடுகட்டச் சில சதவீதம் கூடுதலாகவே வெட்டுவார்கள். சேதாரம் குறைந்தால் அது மிஞ்சும். ஆர்டரை பாதியில் ரத்து செய்வதும் உண்டு. பரிசோதனையில் தள்ளப்பட்ட லாட் (ஒரே தொகுதியாகப் பார்க்கும் சரக்கு) என்பதும்கூட முழுக்கக் கெட்ட சரக்கு அல்ல. எவ்வளவு பழுதை ஏற்கலாம் என்று வரம்பு வைக்கும், பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படும் ஏக்யூஎல் 2.5 என்ற அளவில், 10,000 பீஸ் கொண்ட லாட்டில் 200 பீஸை எடுத்துப் பார்ப்போம். அதில் 10 வரை பெரும்பழுது இருந்தால் லாட் தேறும், 11 ஆனால் விழும். அப்படி விழுந்த லாட்டிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் குறையில்லாத பீஸாக இருக்கலாம். கழுத்து லேபிளைக் கத்தரித்துவிட்டோ மையால் கோடு இழுத்துவிட்டோ சந்தைக்கு அனுப்புவார்கள். குறுக்கே வெட்டிய லேபிளைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை, உள்ளே தையலைப் பார்ப்பேன்.

அங்கிருந்து வந்த 1,150 ரூபாய் ஜாக்கெட் ஒன்றை ஆசிரியையிடம் முன்பே காட்டியிருந்தேன். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது வெளிநாட்டு ஆண்களின் பெரிய அளவு. தோள் அவருடைய முழங்கைப் பக்கம் இறங்கி நின்றது. சர்ப்ளஸில் தரம் கிடைக்கும், அளவு கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். இப்படிப் புதியதில் ஏமாந்து, சர்ப்ளஸில் அளவு கிடைக்காமல்தான் அவர் ஏரிக்கரைக் கடைக்குப் போனார். அங்கே அளவு கச்சிதமாக இருந்தது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அப்சைக்கிள் ஜாக்கெட்டின் முதல் நியாயம் பழமையில் இல்லை, இந்த ஊர்ப் பெண்களின் உடம்புக்கு ஏற்பப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

உள்புறம் திருப்பிப் பார்த்தபோது

முதலில் டெனிம். லைனிங்கை ஓரத்தில் பிரித்ததும் பழைய ஜாக்கெட்டின் சொந்தத் தையல் தெரிந்தது. தோளிலும் விலாவிலும் துணியின் வெட்டோரம் வெளியே தெரியாதபடி ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். பாக்கெட் முனைகளில் பார்ட்டாக், அதாவது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும் நெருக்கமான தையல், இருந்தது. இழுவிசை விழும் முனைகளைத் தாங்க வைப்பது ஜீன்ஸின் தொடக்கத்திலிருந்தே வந்த அக்கறை. அமெரிக்காவில் நெவாடாவின் ரீனோவில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸ், பாக்கெட் மூலைகளில் செம்பு ரிவெட் அடித்துப் பார்த்து, துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தவர் தையல்காரர் என்பதில் எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆசிரியையின் ஜாக்கெட்டில் ரிவெட் இல்லை; பார்ட்டாக் அந்த வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

துணியின் கனம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 440 கிராம் இருக்கும் என்று கையில் தெரிந்தது. 13 அவுன்ஸ் டெனிம் என்று சொல்வது இதைத்தான். ஜாக்கெட்டுக்கு அது தாராளம். மணிக்கட்டுப் பட்டியின் மடிப்பிலும் காலர் நுனியிலும் தேய்மானம் இருந்தாலும், நீளவாட்டில் ஓடும் நீலப் பாவு நூல் எங்கும் அறுந்து குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை மட்டும் நிற்கும் நிலைக்கு வரவில்லை. பழைய டெனிம் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வெளுப்பு பிரச்சினை இல்லை. டெனிமின் பாவு நூலில் இண்டிகோ மேலோட்டமாக மட்டுமே ஏறுவதால் தேயத் தேய வெளுப்பது அதன் இயல்பு. ஆனால் விரலால் அழுத்தும்போது வெள்ளை இழைகள் மட்டும் ஏணிப்படிபோலக் கிடைமட்டமாகத் தெரிந்தால், அந்தத் துணிக்குப் பாதி உயிர் போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது, அது 1970களைச் சேர்ந்ததுதானா என்பது. இடது விலாத் தையலில், லைனிங் மறைத்திருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை தைத்திருந்தது. எழுத்து மங்கியிருந்தாலும் சலவைக் குறிகளும் அதன் கீழே ஓர் இணைய முகவரியும் படிக்க முடிந்தது. இணைய முகவரி அச்சிட்ட லேபிள் 1990களின் நடுப்பகுதிக்கு முன்பு வந்திருக்க வழியே இல்லை. தையலின் உள்மடிப்பிலிருந்து ஒரு பாவு நூலை உருவி முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். அது ஒழுங்காகப் பிரியாமல், சில இழைகள் பட்டை கட்டியதுபோல் வெளியே சுற்றிக்கொண்டு நின்றன. சுழலும் கிண்ணத்தில் வேகமாக நூற்கும் ஓப்பன் எண்ட் நூலின் அடையாளம் அது. அதற்கு முந்தைய வழக்கமான ரிங் முறையில் நூற்ற நூலாக இருந்தால் முறுக்கு நுனிவரை சீராகக் கழன்றிருக்கும்.

பழைய டெனிம் எல்லாமே புதியதைவிட உறுதி என்று கடைகளில் சொல்லும் பேச்சு இங்கேதான் இடறுகிறது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1967இல் வந்த பிடி 200 இயந்திரத்தோடு ஓப்பன் எண்ட் நூற்பு வணிக அளவில் பரவியது. வேகமும் சிக்கனமும் அதன் பலம். நூல் சீராக இருக்கும், ஆனால் அதே பருமனுள்ள ரிங் நூலைவிடப் பலம் குறைவு. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகின் டெனிமில் பெரும்பங்கு இந்த நூலுக்கு மாறி, பிறகு ரிங் நூல் உயர்ந்த சரக்கு என்ற பெயரோடு திரும்பி வந்தது. ஆகவே 1980களின் ஜாக்கெட் ஒன்று இன்றைய நல்ல ஜாக்கெட்டைவிடப் பலம் குறைந்த நூலில் இருக்க முடியும். வயதைக் கொண்டு தரத்தை முடிவு செய்ய முடியாது. நூலைப் பார்க்க வேண்டும், தையலைப் பார்க்க வேண்டும். ஆசிரியையின் ஜாக்கெட்டைப் பொறுத்தவரை துணி நல்லது, தையல் மிக நல்லது, அட்டையில் எழுதிய காலம் பொய்.

முதுகுக் கம்பளிக்கும் ஒரு கதை சொல்லியிருந்தார்கள்: பழைய மலைக் கம்பளி என்று. ஓரத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினேன். முடி கருகும் நாற்றம் வந்தது, கூடவே நுனியில் கடினமான ஒரு கறுப்பு மணியும் உருண்டது. முடி நாற்றம் கம்பளிக்கு, உருகி உறையும் மணி செயற்கை இழைக்கு. பல நிறத் துணுக்குகள் நூலுக்குள் கலந்து கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பானிபட்டில் கந்தலை அரைத்து மறுபடி நூற்ற ஷாடி கம்பளி என்றே சொல்வேன். நம் நாட்டில் அணியத்தக்க பழைய ஆடைகளை இறக்குமதி செய்ய உரிமம் தேவை. ஆடையாகப் பயன்படாதபடி முன்கூட்டியே வெட்டிக் கிழித்த கந்தல்தான் தடையின்றி வரலாம். அப்படி வரும் கம்பளிக் கந்தலில் பெரும்பகுதி பானிபட்டுக்குப் போய், பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் அறுத்தெடுக்கப்பட்டு, நிறவாரியாகப் பிரித்து, அரைத்து, போர்வையாகிறது. அந்தத் தொழிலில் தாழ்வு ஒன்றும் இல்லை. பழைய துணிக்கு மறுவாழ்வு கொடுப்பதில் ஏரிக்கரைக் கடையைவிட அவர்களே முன்னோடிகள். ஆனால் குட்டை இழையில் நூற்ற அந்தக் கம்பளி சீக்கிரம் பிசிறு தட்டும், தண்ணீரைக் குடித்தால் எளிதில் விடாது. உண்மையான மலைக் கம்பளிதான் வேண்டும் என்றால் மேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். இந்த மலையின் தையல் கடைகளுக்கும் அந்தக் கம்பளிக்கும் இடையே இன்னும் ஒரு பாதை போடப்படாதது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

லைனிங்கில் மட்டும் கடையில் சொன்னதும் துணியும் ஒத்துப்போயின. சின்னாளபட்டிச் சுங்குடி என்று சொல்லியிருந்தார்கள். கட்டிச் சாயமிட்ட புள்ளிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவில் சற்றே கோணலாக இருந்தன, புள்ளியின் நடுவில் முடிச்சுப் பிடித்த தடமும் தெரிந்தது. அச்சடித்த சுங்குடியில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல இருக்கும். பல ஆண்டு துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி. தோலுக்கு இதமானது, நைந்தும் போனது.

குளிர்காலம் என்ன செய்தது

கொடைக்கானலுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆசிரியை ஜாக்கெட் வாங்கியது அதன் தொடக்கத்தில். துவைத்த துணி நாலு நாள் கொடியில் கிடந்தாலும் கையில் ஈரம் படும் அந்த மாதங்கள் உடுப்புக்கு வைக்கும் சோதனையை எந்த ஆய்வகமும் வைக்காது.

முதலில் போனது முழங்கை ஒட்டு. பழைய டெனிம் எத்தனையோ சலவை கண்டு, சுருங்க வேண்டிய அளவெல்லாம் சுருங்கி முடித்த துணி. அதன்மேல் வைத்ததோ தறியிலிருந்து இறங்கிய, தண்ணீரே காணாத கைத்தறி. அப்படிப்பட்ட துணி முதல் சலவையில் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். பனிரெண்டு சென்டிமீட்டர் ஒட்டில் அது அரை சென்டிமீட்டருக்கு மேல். சுற்றிலும் நெருக்கமாகத் தைத்திருப்பதால் ஒட்டு தன்னோடு டெனிமையும் உள்ளே இழுத்தது; கைப்பகுதி முறுக்கிக்கொண்டது. ஆலைத் துணியில் இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் சான்ஃபோர்ட் க்ளூயெட் 1930இல் காப்புரிமை பெற்ற முறையில் துணியை இயந்திரத்திலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். சான்ஃபரைஸ் என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்தது. கைத்தறிக்கு அந்த இயந்திரம் தேவையில்லை. ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால் போதும். எந்தத் தையல்காரருக்கும் தெரிந்த இந்த வேலையை ஏன் விட்டார்கள் என்பதற்குப் பின்னால் விடை கிடைத்தது.

ஒட்டின் ஓரத்தில் இன்னொரு கோளாறும் தொடங்கியிருந்தது. தடித்த பாலியெஸ்டர் நூலால், தையல் மிக நெருக்கமாக, அங்குலத்துக்குப் பதினாலு வரை போட்டிருந்தார்கள். டெனிமுக்கு எட்டு, ஒன்பது போதும். நெருக்கமான தையல் உறுதி என்பது புதுத் துணிக்கே முழு உண்மையல்ல. பழைய துணியில் ஊசி குத்திய துளைகள் ஒரே வரிசையில் நெருங்கி நின்றால், அறுபடாத அந்த நூலே துணியை வரிசையாக அறுக்கும். நூல் துணியைவிடச் சற்றுப் பலம் குறைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று அறுபட வேண்டுமென்றால் அது நூலாக இருக்கட்டும், மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

கைக்குழியில் லைனிங் கிழிந்ததற்குக் காரணம் வெட்டில் இருந்தது. உள்துணிக்கு எப்போதும் மேல்துணியைவிடக் கொஞ்சம் தளர்வு வேண்டும். அதனால்தான் முதுகு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு விடுவோம். கரும்பலகையில் எழுதக் கை தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். இந்த ஜாக்கெட்டில் லைனிங்கை டெனிமின் அதே அளவுக்கு வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறை கை தூக்கியபோதும் முழு இழுப்பும் நைந்த சேலையின் கைக்குழி ஓரத்தில் விழுந்தது. ஆசிரியை வலக்கைக்காரர், கிழிந்ததும் வலப்பக்கம்.

முதுகுக் கம்பளி கிழியவில்லை, சுருங்கவும் இல்லை. நனைந்தால் பாரமாகி, காயாமல், மூன்றாம் நாள் ஒரு வாடை அடித்தது என்று அவர் சொன்னார்.

கவனிக்க வேண்டியது, பழைய ஜாக்கெட்டின் சொந்த வேலையில் ஒன்றுகூடக் கெடவில்லை என்பது. காலர், பட்டன் பட்டி, காஜா, விலாத் தையல், பார்ட்டாக் எல்லாம் வந்தபடியே இருந்தன. கெட்டவை எல்லாம் புதிதாகச் சேர்த்தவை, அதுவும் புதியதும் பழையதும் சந்திக்கும் இடங்களில்.

காசு எங்கே போயிற்று

விலையைக் கேட்டதும் கொள்ளை என்று சொல்வது சுலபம். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், பீஸ் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன்பு, 1,000 ரூபாயைத் தாண்டினால் 12 சதவீதமாக இருந்தது. ரசீதில் 18 சதவீதம்தான் போட்டிருந்தது. 6,800இல் வரி 1,037 போனால் மிச்சம் 5,763. தைத்தவரும் விற்றவரும் வேறு வேறு ஆட்கள். இந்த மாதிரிக் கடைகள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். 35 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 2,017. தைத்தவர் கைக்கு 3,746 வரும். பழைய ஜாக்கெட் 700, சேலை 250, கம்பளித் துண்டு 150, நூல், பட்டன், கைத்தறி எல்லாம் சேர்த்து 100 என்று என் மதிப்பில் 1,200 ரூபாய். பிரிக்க, வெட்ட, தைக்க, கையால் நூலோட்ட ஓர் ஆளுக்கு இரண்டு நாள் வேலை. மலையில் நல்ல தையல்காரருக்கு நாளைக்கு 900 கொடுக்காமல் முடியாது. ஆக 3,000. தைத்தவருக்கு மிஞ்சுவது 746 ரூபாய். வாங்கிவந்து பிரித்த பிறகு உதவாது என்று ஒதுக்கும் ஜாக்கெட்டுகளின் நஷ்டமும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எந்தத் தொகையும் அநியாயமாகத் தோன்றவில்லை, கடைப் பங்கைத் தவிர. அதிலும் சீசன் இல்லாத மாதங்களில் வாடகை கட்டும் கடைக்காரர் பக்கம் பேச்சு இருக்கும். புது ஜாக்கெட் ஏன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், ஆலையில் ஒரே வெட்டில் அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கில் வெட்டி, ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கை மட்டும் தைப்பதால் ஒரு பீஸுக்குச் செலவாகும் ஆள்நேரம் நிமிடக் கணக்கில் அடங்கிவிடுகிறது. பிரித்துத் தைக்கும் வேலையில் ஒவ்வொரு ஜாக்கெட்டும் வேறு அளவு, வேறு தேய்மானம். அடுக்கி வெட்டவே முடியாது.

ஆனால் செய்தவருக்கு நியாயமான விலை, வாங்கியவருக்கும் தகுந்த விலையாகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வகைச் சரக்கைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் சுற்றுகிறது: ஒரு சாரார் கூலியைக் காட்டி விலையை நியாயப்படுத்துகிறார்கள், மறு சாரார் சந்தைக் குவியலில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஜாக்கெட்டைக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஒரு முறை அணிய எவ்வளவு ஆயிற்று என்று வகுத்துச் சொல்லும் கணக்கிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. எத்தனை முறை அணிவோம் என்பது வாங்கும்போது யாருக்கும் தெரியாது. நான் பார்ப்பது, கொடுத்த கூலியில் எவ்வளவு உடுப்பை உழைக்க வைக்கிறது, எவ்வளவு கண்ணுக்கு மட்டும் என்பதை.

ஆசிரியையின் ஜாக்கெட்டில், அளவு மாற்றித் தோளும் விலாவும் திருத்திய வேலை முழுக்க முழுக்கத் தகும். அவரால் வேறு எங்கும் வாங்க முடியாத ஒன்று அது. லைனிங் கொடுத்த யோசனை தகும்: வெறும் டெனிம் குளிரில் சில்லென்று உடம்பில் ஒட்டும், பருத்தி லைனிங் அதைத் தடுக்கும். வெட்டு மட்டும் சரியில்லை. முழங்கை ஒட்டின்மேல் நூலோட்டியது அரை நாள் கூலி. அந்த முழங்கையில் டெனிம் தேயவே இல்லை என்பதை ஒட்டைப் பிரித்த பிறகு பார்த்தேன். தேயாத இடத்தில் ஒட்டு என்பது அலங்காரம். அதை விரும்பி வாங்குபவர் வாங்கலாம், உறுதி என்று நினைத்து வாங்கக் கூடாது. முதுகுக் கம்பளி சமவெளியில் இருப்பவர்களின் கற்பனைக் குளிருக்குப் பொருத்தம். மழையும் குளிரும் சேர்ந்து வரும் இந்த ஊருக்குப் பொருத்தமில்லை. 1970கள் என்ற வார்த்தைக்கு ஒரு பைசாவும் கொடுக்கத் தேவையில்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்து, வரியும் சேர்த்து 5,000 ரூபாய் வரை இந்த ஜாக்கெட் தகும் என்று ஆசிரியையிடம் சொன்னேன். மிச்சம் 1,800இல் பெரும்பகுதி அலங்காரத்துக்கும் அட்டைக்கும் போனது.

பழுது பார்த்ததும் பிறகு நடந்ததும்

இரண்டு ஒட்டுகளையும் எடுத்துவிட்டேன். ஊசித் துளைகள் வரிசையாக நின்ற இடத்தில் உள்ளே மெல்லிய பருத்தி வைத்து, இழை இழையாகப் பின்னும் ரஃபு வேலை செய்து மூடினோம். லைனிங்கின் முதுகைப் பிரித்து, நடுவில் மூன்று சென்டிமீட்டர் மடிப்பு விட்டு, கைக்குழி ஓரத்துக்குப் புதுப் பருத்தியில் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டி கொடுத்தோம். அந்தப் பருத்தியை முந்தின வாரமே ஊறவைத்துக் காயப்போட்டிருந்தது. முதுகுக் கம்பளியை மாற்றச் சொல்லவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. மழை நாளில் அந்த ஜாக்கெட்டைப் போட வேண்டாம், ஏப்ரலில் நன்றாக வெயிலில் காயவைத்து, அந்துருண்டையோடு துணிப்பையில் கட்டி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். கூலி 650 ரூபாய் ஆயிற்று. அதோடு அந்த ஜாக்கெட் அவருக்கு 7,450இல் நின்றது. இனி பல குளிர்காலம் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரைப் புது ஜாக்கெட்டின் காலருக்கு என்னால் அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. பசை விட்ட காலரை மாற்றுவதென்றால் புதுக் காலரே வெட்ட வேண்டும், அதே நிறத்தில் துணி கிடைக்காது.

இந்த இடத்தில்தான் பழைய ஆடைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மடித்துத் தைத்தது பிரியும், பிரிந்தது மறுபடி தைக்கப்படும். ஒட்டியதற்கு அந்த வசதி இல்லை. விண்டேஜ் என்ற பெயருக்காக இல்லாமல், பிரித்துத் தைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் 300 ரூபாய்ச் சந்தை ஜாக்கெட்டிலும் அதே சாதகம் கிடைக்கும். காலரை விரல்களுக்கு இடையே தேய்த்தால் உள்ளே கேன்வாஸ், ஒட்டாமல் தைத்ததற்கு அடையாளமாக, தனியாக நகர்கிறதா, விலாத் தையலில் திருத்துவதற்கு இடம் விட்டிருக்கிறதா, ஒட்டுக்கு அடியில் துணி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். லைனிங் போட்ட ஜாக்கெட் என்றால் கடையிலேயே மாட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்க வேண்டும். சேர்த்த துணிகளை முன்கூட்டி நனைத்தார்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் தெரியாத கடைக்காரரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆசிரியை ஏற்பாடு செய்ததில் தைத்தவரோடு ஒரு முறை பேச முடிந்தது. பெருமாள்மலைப் பக்கம் இரண்டு தையல்காரர்களை வைத்து வேலை வாங்கும் இளம்பெண். நான் அடுக்கிய குறைகளுக்கு அவர் சண்டைக்கு வரவில்லை. ஒட்டுத் துணியை நனைக்காததற்கு அவர் சொன்ன காரணம் எனக்குத் தெரியாதது அல்ல, ஆனால் இந்த ஜாக்கெட் விஷயத்தில் நான் யோசித்திராத ஒன்று: "நனைக்கணும்னு தெரியும்ணே. ஆயுத பூஜை லீவுக்குக் கூட்டம் வர்றதுக்குள்ள சரக்குக் கேட்பாங்க. இங்க நனைச்சா எப்ப காயுறது?" மலையில் செய்யும் உடுப்புக்கு மலையின் ஈரமே எதிரி. இப்போது வேண்டிய துணிகளை மொத்தமாக வத்தலக்குண்டுக்கு அனுப்பி, அங்கே நனைத்து வெயிலில் உலர்த்தி மேலே கொண்டுவருகிறார். அந்தச் சமவெளி வெயிலில் கைத்தறி அரை நாளில் காய்ந்துவிடுகிறது. லைனிங்குக்கு முதுகு மடிப்பும் விட ஆரம்பித்திருக்கிறார். சேலையில் துணிக்குப் பஞ்சமில்லை, ஆனால் பீஸுக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகிறது என்றார். அந்தக் கூலியை விலையில் ஏற்றாமல் கடைப் பங்கிலிருந்து குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.